ரத்தத்தில் எழுதியதா குற்றம்?

கார்ட்டூன் என்றால் சிறுவர் சமாசாரம் என்று ஒதுக்கிவிடுவது நம்மவர்களின் வழக்கம். ஜப்பானில் அப்படி இல்லை. அங்கே பெரியவர்களும் பார்க்கும்படி சித்திரப் படங்கள் எடுக்கிறார்கள். கொலை, துப்பு, நீதி ஆகியவற்றை வைத்தும் கதை சொல்கிறார்கள். அந்தப் படங்கள் இப்போது நம் பக்கமும் வந்துவிட்டன. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' வரிசைப் படம் ஒன்று தமிழும் தெலுங்கும் பேசிக்கொண்டு இந்தியத் தியேட்டர்களுக்கு வந்தது. சித்தூரிலும் திருப்பதியிலும் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் கைபேசியில் இவற்றைப் பார்க்கிறார்கள், பெற்றோர் கடிந்துகொள்கிறார்கள். கடிந்துகொள்ளும் முன் ஒரு படத்தையாவது பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்ப்பது நல்லது. 2002-ல் ஜப்பானில் வெளிவந்த 'பேக்கர் தெருவின் மாய உருவம்' என்ற துப்பறியும் படம் அதற்குத் தக்கது.

கோஷோ அவோயாமா என்ற ஓவியர் 1994-ல் தொடங்கிய 'டிடெக்டிவ் கோனன்' படக்கதை வரிசையைச் சேர்ந்தது இந்தப் படம். கதாநாயகன் மருந்தின் விளைவால் சிறுவனாகச் சுருங்கிப்போன ஓர் இளம் துப்பறிவாளன். அவன் வைத்துக்கொண்ட 'கோனன்' என்ற பெயர் ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயிலிடமிருந்து வந்தது.

படத்தில் ஒரு புதுவித விளையாட்டு இயந்திரத்தின் அறிமுக விழா நடக்கிறது. ஐம்பது குழந்தைகள் அதற்குள் அமர்கிறார்கள். பெரும்பாலோர் அரசியல்வாதிகள், போலீஸ் மேலதிகாரிகள், செல்வந்தர்கள் ஆகியோரின் பிள்ளைகள், பேரர்கள். இயந்திரத்தை ஆட்டிவைக்கும் செயற்கை அறிவு திடீரென்று முரண்டு பிடிக்கிறது. ஆட்டத்தில் ஒருவராவது தப்பிக் கரையேற வேண்டும்; எல்லாரும் தோற்றால் எல்லாரும் நிஜமாகவே சாக வேண்டும் என்கிறது. அதற்கு அது சொல்லும் காரணம் யோசிக்கத்தக்கது. அதிகாரியின் மகன் அதிகாரி, தலைவரின் மகன் தலைவர் என்று போனால் நாடு திருந்தாது. இந்த வாரிசுச் சங்கிலியை அறுத்தாக வேண்டும் என்கிறது.

கோனனும் அவன் தோழர்களும் ஆட்டத்துக்குள் போய் இறங்கும் இடம் 1888-ஆம் ஆண்டின் லண்டன். விக்டோரியா ராணி ஆண்ட காலம். கிழக்கு லண்டன் சந்துகளில் ஏழைப் பெண்களைக் கொன்று திரிந்த 'ஜாக் தி ரிப்பர்' யார் என்பதை இன்றுவரை எவரும் நிரூபித்ததில்லை. அந்தக் கொலைகாரனைப் பிடிப்பதே ஆட்டம். உதவி கேட்கப் போனால் ஷெர்லக் ஹோம்ஸ் ஊரில் இல்லை. பிள்ளைகள் தாங்களே துப்புத் துலக்க வேண்டியதாகிறது. கடைசியில் ஓட்டுவாரின்றிப் பாய்ந்து செல்லும் ரயிலில் கதை உச்சத்துக்கு வருகிறது.

இதற்கிடையில் விழா நடக்கும் கட்டடத்திலேயே நிஜமான கொலை ஒன்று நடந்துவிடுகிறது. விளையாட்டை உருவாக்கியவர் கத்தியால் குத்தப்பட்டு இறக்கிறார். கொன்றவர் ஒரு பெரிய கம்பெனியின் தலைவர். காரணம் பணத் தகராறு அல்ல. அந்தத் தலைவர் ஜாக் தி ரிப்பரின் வம்சத்தில் வந்தவர். அந்த ரகசியம் வெளியே வந்தால் தம் பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சி அவர் கொலை செய்கிறார். கொலைகாரனின் வாரிசு என்று உலகம் சொல்லிவிடுமே என்று பயந்தவர் தம் கையாலேயே கொலைகாரர் ஆகிவிடுகிறார். அதே நேரத்தில், செல்லம் கொடுத்துக் கெட்டுப்போன பெரிய வீட்டுப் பிள்ளைகள் ஆட்டத்துக்குள் பிறருக்காக விட்டுக்கொடுக்கக் கற்றுக்கொள்கிறார்கள். ரத்தம் ஒருவனை உயர்த்துவதும் இல்லை, தாழ்த்துவதும் இல்லை, அவனவன் செய்கையே அவனவனுக்குச் சாட்சி என்பதே படத்தின் தீர்ப்பு.

ராணி காலத்துச் சட்டம்

குற்றம் ரத்தத்தில் வருகிறது என்ற எண்ணம் அந்த விக்டோரியா காலத்தில் செல்வாக்கோடு இருந்தது. லண்டனில் அது பேச்சாகவும் புத்தகமாகவும் இருந்தது. இந்தியாவில் சட்டமாகவே வந்தது. 1871-ல் வெள்ளை அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. முதலில் வடக்கே அமலான அது, 1911-ல் திருத்தப்பட்ட பிறகு சென்னை ராஜதானிக்கும் வந்தது. சித்தூரும் திருப்பதியும் அப்போது சென்னை ராஜதானியில்தான் இருந்தன என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

கள்ளர், குறவர், எருகலர் என்று சமூகம் சமூகமாகப் பெயர்கள் பதிவேட்டில் ஏறின. பதிவேட்டில் பெயர் உள்ளவன் போலீசுக்குச் சொல்லாமல் ஊர் விட்டு ஊர் போகக் கூடாது. மதுரைச் சீமையில் பெருங்காமநல்லூர் மக்கள் இதை எதிர்த்து நின்றார்கள். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி அங்கே துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின. ஆந்திரத்தில் குண்டூர் பக்கம் ஸ்டூவர்ட்டுபுரம் என்ற குடியேற்றத்தில் எருகலர் குடும்பங்களைக் கொண்டுபோய் வைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 1952-ல் நாடு முழுவதும் இந்தச் சட்டம் ஒழிந்தது. ஆனால் அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் புருவம் தூக்குகிறவர்கள் அதன் பிறகும் குறையவில்லை.

விந்தை என்னவென்றால், குற்றத்தைத் தனி மனிதனோடு பொருத்திப் பார்க்கும் நல்ல வழி ஒன்றும் அதே ஆட்சியில், இதே நாட்டில்தான் வளர்ந்தது. கைரேகைப் பிரிவு 1897-ல் கல்கத்தாவில் தொடங்கியது. அஸிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு இந்தியர்கள் அதன் முறையை வகுப்பதில் உழைத்தார்கள். ஒருவனுடைய ரேகை அவன் தகப்பனுக்கும் இராது, பிள்ளைக்கும் இராது. ஒரு மேஜையில் கைரேகைச் சீட்டு. அடுத்த மேஜையில் குற்றப் பரம்பரைப் பதிவேடு. ஒன்று 'இவன் செய்தானா?' என்று கேட்கிறது. மற்றொன்று 'இவன் எந்தக் கூட்டம்?' என்று கேட்கிறது. துப்பறியும் கதைகள் முதல் கேள்வியைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தன. போலீஸ் ஸ்டேஷன்கள் எத்தனையோ தடவை இரண்டாம் கேள்வியோடு நின்றுவிட்டன.

சேஷாசலம் சொல்லும் கதை

இது பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. திருப்பதி மலையை உள்ளடக்கிய சேஷாசலம் காடுகளில் செம்மரம் விளைகிறது. உலகில் இந்த மரம் இயற்கையாக விளையும் இடமே இந்தப் பகுதிதான். சீனாவில் விலையுயர்ந்த மேஜை நாற்காலிகளுக்கும், ஜப்பானில் ஷாமிசென் என்ற நரம்பு வாத்தியத்தின் தண்டுக்கும் இதைத் தேடுகிறார்கள். அதனால் கடத்தலும் பெருகியது. மரம் வெட்ட ஜவ்வாது மலையிலிருந்தும் திருவண்ணாமலைப் பக்கமிருந்தும் ஏழைத் தமிழர்களைக் கூலிக்கு அழைத்து வருகிறார்கள் ஏஜெண்டுகள்.

2013 டிசம்பரில் சேஷாசலம் காட்டில் இரண்டு வன அதிகாரிகள் கொலை செய்யப்பட்டார்கள். கடமையில் இருந்தவர்களைக் கொன்றது கொடிய செயல். கொன்றவர்கள் தண்டனை பெற வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் நடந்தது என்ன? நூற்றுக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் கைதானார்கள். நெடுங்காலம் சிறையில் கிடந்தார்கள். பிறகு குற்றம் நிரூபணமாகாமல் விடுதலையானார்கள். அந்த இரண்டு அதிகாரிகளின் குடும்பங்களுக்கு நீதி கிடைக்கவில்லை. சிறையில் கிடந்தவர்களின் குடும்பங்களுக்குப் போன நாட்களும் திரும்பவில்லை. கூட்டமாகப் பிடித்தால் குற்றவாளி கையில் சிக்குவதில்லை என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

அடுத்து 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி, அதே காட்டில் இருபது தமிழர்கள் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கோடரியாலும் கற்களாலும் தாக்கியதால் சுட நேர்ந்தது என்றது போலீஸ் தரப்பு. முன்னரே பிடித்துக் கொண்டுபோய்ச் சுட்டார்கள் என்று உறவினர்களும் மனித உரிமை அமைப்பினரும் குற்றம் சாட்டினார்கள். தேசிய மனித உரிமை ஆணையமும் தலையிட்டது. மரம் வெட்டுவது சட்டப்படி குற்றம்தான். அதற்குச் சட்டத்தில் சிறைத் தண்டனை இருக்கிறது. மரண தண்டனை இல்லை.

இதன் சுமை மரம் வெட்டப் போனவர்களோடு நிற்பதில்லை. திருவண்ணாமலையிலிருந்து வேலூர், சித்தூர் வழியாகப் பஸ் ஏறி வருகிறவர்களில் பெருமாளைச் சேவிக்க வருகிறவர் உண்டு. கட்டட வேலைக்கு வருகிறவர் உண்டு. மகளைப் பார்க்க வருகிறவரும் உண்டு. கசங்கிய சட்டையும் துணிப்பையும் தமிழ்ப் பேச்சும் சந்தேகத்துக்குப் போதுமென்றால் 1871-ஆம் வருடப் பதிவேடு இன்னும் மூடப்படவில்லை என்றுதான் அர்த்தம்.

இதில் நம்மவர்களுக்கும் பங்குண்டு. ஆபீஸிலும் கடையிலும் நிலையாக வேலை பார்க்கும் தமிழர்கள், மலையிலிருந்து வரும் தமிழனைக் கண்டால் 'இவன் அந்தக் கூட்டம்' என்று ஒதுங்கிப் போகிறார்கள். தங்கள் மேல் சந்தேகம் விழாதிருக்க அவன் மேல் தள்ளிவிடுகிறார்கள். படத்தில் வம்சத்துக்கு அஞ்சிய அந்தக் கம்பெனித் தலைவரின் அச்சத்துக்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. பிடிபட்டவன் ஒவ்வொருவன் மேலும் அவன் செய்தது இன்னது என்று தனித்தனியாகச் சாட்சி வேண்டும். தெலுங்கு தெரியாதவனுக்கு, அவன் கையெழுத்திடும் காகிதத்தில் எழுதியிருப்பதைத் தமிழில் சொல்லிக் காட்ட ஆள் வேண்டும். இங்குள்ள தமிழ்ச் சங்கங்கள் விழா நடத்துவதோடு நில்லாமல், தமிழும் தெலுங்கும் தெரிந்த வக்கீல்களின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கலாம். வெட்டியவனைப் பிடித்த பின் அனுப்பியவன் யார், வாங்கியவன் யார், எந்தத் துறைமுகம் வழியே போயிற்று என்று இரு மாநிலப் போலீசும் சேர்ந்து தேட வேண்டும்.

துப்பறியும் கதை பார்க்கும் பத்து வயதுப் பையனுக்கு இது தெரியும். கண்ணில் பட்ட முதல் ஆளைப் பிடித்துக்கொண்டு கதையை முடித்தால் அவன் ஒப்புக்கொள்ள மாட்டான். "இன்னும் கண்டுபிடிக்கவே இல்லையே!" என்பான். அவன் கேட்பது நியாயம்தான்.