குறி தவறியவர்களுக்கு நினைவில் இடமில்லையா?

ஏப்ரல் மாதம் பிறந்தால் கொழும்புப் பத்திரிகைகளின் வார வெளியீடுகளில் ஒரு கட்டுரை தவறாது தலைகாட்டும். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கிய கதை. (2019 இன் பின்னர் ‘உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்’ என்றால் இலங்கையர் மனதில் எழுவது வேறொரு கொடுமை. ஆதலால் இப்போதெல்லாம் ஆண்டையும் சேர்த்தே தலைப்பிடுகிறார்கள்.) கட்டுரையின் வார்ப்பு மட்டும் மாறுவதில்லை. முதலில், கொக்கலவிலிருந்து கற்றலினா விமானத்தில் பறந்து, ஏப்ரல் 4 அன்று எதிரிக் கப்பற்படையைக் கண்டு தகவல் அனுப்பிச் சிறைப்பட்ட கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சல். அவரை ‘இலங்கையின் இரட்சகர்’ என்று சேர்ச்சில் வர்ணித்ததாகச் சொல்லப்படும் செய்தி. அடுத்து, ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக் கடலில் 307 பேருடன் மூழ்கிய ‘ஹேர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பல். அத்துடன் கதை முற்றும்.

நானும் என் பத்திரிகை வாழ்வில் இக்கட்டுரையை நான்கைந்து தடவை எழுதியிருக்கிறேன். அவற்றில் ஒன்றிலேனும் பிரித்தானிய விமானப்படையின் 11 ஆவது படையணியைப் பற்றி ஒரு வரி இல்லை. இதை வெட்கத்துடனேயே எழுதுகிறேன். இவ்வளவிற்கும் நான் கலைப்பட்டம் பெற்றது கொழும்புப் பல்கலைக்கழகத்தில். அப்படையணி புறப்பட்டுச் சென்ற குதிரைப்பந்தயத் திடலை ஒட்டிய வீதியால் மூன்று ஆண்டுகள் நாள்தோறும் நடந்தவன்.

கறுவாத்தோட்டத்துச் சீமான்கள் குதிரைகளின்மேல் பணங்கட்டிய அத்திடல், யுத்த காலத்தில் அவசர அவசரமாக விமான ஓடுபாதையாக்கப்பட்டது. 1942 மார்ச்சில் அங்கு வந்திறங்கியது 11 ஆவது படையணி. கிரேக்கத்திலும் வட ஆபிரிக்காவிலும் அடிபட்டு வந்த அணி அது. அதனிடம் இருந்தவை இரட்டை இயந்திரப் பிளெனிம் விமானங்கள். ஒவ்வொன்றிலும் மூவர்: விமானி, வழிகாட்டி, வானொலியையும் துப்பாக்கியையும் கவனிக்கும் ஒருவர். யுத்தம் தொடங்கிய காலத்திலேயே பழசாகிவிட்ட வகை அது. யப்பானியரின் ‘சீரோ’ சண்டை விமானத்தின் முன்னால் வேகமும் போதாது, தற்காப்பும் போதாது.

ஏப்ரல் 5 அன்றும் அவர்கள் எதிரியைத் தேடிச் சென்றார்கள், காணாமல் திரும்பினார்கள். ஏப்ரல் 9 காலை, திருகோணமலை தாக்கப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், பதினொரு பிளெனிம்கள் மீண்டும் கிளம்பின. இரண்டு இடைவழியில் திரும்பிவிட்டன. எஞ்சிய ஒன்பதும் துணைக்கு ஒரு சண்டை விமானம்கூட இன்றிக் கிழக்குக் கடலின்மேல் பறந்து, அட்மிரல் நகுமோவின் கப்பற்படையைக் கண்டுபிடித்தன. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள். பேர்ள் துறைமுகத்தைச் சிதைத்த அதே படை. அது அதுவரை யாராலும் அணியாகத் திரண்டு வானிலிருந்து தாக்கப்பட்டதில்லை. ஒன்பது பழைய விமானங்கள் அதைச் செய்தன. தலைமைக் கப்பலான ‘அகாகி’யைச் சுற்றிக் கடல்நீர் தூண் தூணாக எழும்பிய பின்னரே, தமக்கு மேலே எதிரி இருக்கிறான் என்பது யப்பானியருக்குத் தெரிந்தது.

ஒரு குண்டும் கப்பலில் விழவில்லை. சீரோ விமானங்கள் நான்கு பிளெனிம்களை அங்கேயே வீழ்த்தின. திரும்பும் வழியில் இன்னொன்று வீழ்ந்தது. குதிரைப்பந்தயத் திடலுக்கு மீண்டு வந்தவை நான்கே.

அன்று தலைக்கு மேல் எதிரி வரும்வரை அறியாதிருந்த அதே பலவீனத்துடன்தான் நகுமோவின் படை ஜூன் 4 அன்று மிட்வேயில் அமெரிக்கரை எதிர்கொண்டது. ‘அகாகி’யும் மற்ற மூன்று கப்பல்களும் அங்கே அழிந்தன. ஒன்பது பிளெனிம்கள் அப்படைக்குத் தந்த எச்சரிக்கையை அதன் தளபதிகள் அலட்சியம் செய்தார்கள். நாமோ எச்சரித்தவர்களையே மறந்தோம்.

இந்த மறதிக்குச் சொல்லப்படும் முதற் காரணம், அவர்களால் எதையும் அழிக்க முடியவில்லை என்பது. நான் இதை ஏற்கமாட்டேன். திருகோணமலைக்குச் சென்று பாருங்கள். அதே ஏப்ரல் 9 அன்று சீனன்குடாவில் யப்பானிய விமானமொன்று எண்ணெய்க் குதம் ஒன்றின்மேல் வீழ்ந்து எரிந்தது. உருகிக் குலைந்த அந்த இரும்பைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டி, விமானியின் தியாகத்தை வழிகாட்டிகள் உருக்கமாக விபரிப்பார்கள். நான் அதைக் குறைகூறவில்லை. அவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளை. ஆனால் நம்மைத் தாக்க வந்து மடிந்தவனுக்குக் கதை இருக்கிறது. தாக்கியவனைத் தேடிப்போய் மடிந்தவர்களுக்கு இல்லை. அவனுடைய சிதைவு கண்ணுக்குத் தெரிகிறது, இவர்களுடையதைக் கடல் விழுங்கிவிட்டது என்பதைத் தவிர இதற்கு என்ன நியாயம்?

இரண்டாவது காரணம், அது வெள்ளைக்காரனின் யுத்தம் என்பது. உண்மைதான். அவ்வாண்டு பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் இலங்கையைக் காக்க முனைந்தது நம்மீது கொண்ட பாசத்தினாலன்று; இறப்பரும் துறைமுகமும் கடற்பாதையும் சாம்ராச்சியத்திற்குத் தேவைப்பட்டன. அதே 1942 இல் கொக்கோஸ் தீவில் வெள்ளை அதிகாரத்தை எதிர்த்துக் கலகஞ் செய்து தூக்கிலிடப்பட்ட மூன்று இலங்கைச் சிப்பாய்களைப் பற்றி உருகி எழுதியவன் நான். அவர்களை நினைப்பவன் இவர்களை நினைக்கக்கூடாது என்று எந்தச் சாத்திரம் சொல்கிறது?

மூன்றாவது காரணத்தை இலகுவில் தட்டிவிட முடியாது. இதை எழுதப்போவதாகச் சொன்னபோது, ரொறன்ரோவில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: “தம்பி, பொம்மர்காரனுக்கும் அஞ்சலியோ?”

அந்தச் சொல்லைக் கேட்டதும் வாயடைத்துப் போனேன். ‘பொம்மர்’ என்பது எங்கள் தலைமுறைக்கு வெறுஞ்சொல் அல்ல. 1990 இல் யாழ்ப்பாணத்தில், சியாமாசெட்டியின் இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழிக்குள் பாய்ந்தவர்கள் நாம். ‘சகடை’ வட்டமிட்டால் எந்த வீட்டுக் கூரை போகும் என்று அண்ணாந்து பார்த்தவர்கள். மேலிருப்பவன் மனிதன் என்ற எண்ணம் அவ்வேளையில் யாருக்கும் வந்ததில்லை, எனக்கும் வந்ததில்லை. ஆசிரியரின் கேள்வியில் உள்ள கோபம் நியாயமானது.

ஆயினும் அந்த ஒரு சொல்லுக்குள் எல்லோரையும் அடைத்துவிடலாகாது. 1942 ஏப்ரல் 9 அன்று பிளெனிம்களின் கீழே வீடுகள் இல்லை, கோயில்கள் இல்லை, பள்ளிக்கூடங்கள் இல்லை. ஆயுதந் தாங்கிய போர்க்கப்பல்களே இருந்தன. இதே படையின் வேறு அணிகள் பின்னர் யேர்மனிய நகரங்களைச் சுட்டெரித்தன என்பதையும் நான் மறைக்கவில்லை. அவ்விமானக் குழுவினரில் 55,573 பேர் மாண்டார்கள். ஆனால் அவர்களுக்கான நினைவகம் லண்டன் கிறீன் பார்க்கில் எழுந்தது 2012 இல்தான். அதிலும் குண்டுவீச்சில் மடிந்த எல்லா நாட்டவரையும் நினைவுகூரும் வாசகம் ஒன்றைப் பொறித்துவிட்டே திறந்தார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. கொழும்பிலிருந்து புறப்பட்ட ஒன்பது விமானங்களின் விடயத்தில் அத்தயக்கத்துக்கும் இடமில்லை. ஆசிரியருக்கு இதையே சொன்னேன். “ம்…” என்றார். சம்மதமா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியாது.

அத்திடலில் இன்று கடைத்தொகுதியும் ரக்பி மைதானமும் இருக்கின்றன. மாலையில் இளையோர் கோப்பி அருந்துகிறார்கள். அருந்தட்டும். ஏப்ரல் கட்டுரை எழுதும் என் இளைய சகாக்களிடம் நான் கேட்பது ஒரு பந்தி மாத்திரம்: பேர்ச்சலுக்கும் ஹேர்மிஸுக்கும் நடுவே, பதினொரு விமானம் புறப்பட்டு ஒன்பது தாக்கி நான்கு திரும்பிய கதையைச் சொல்லும் ஒரு பந்தி.

புதைகுழியற்ற அவ்விமானப்படையினரின் பெயர்கள் சிங்கப்பூரில், கிராஞ்சி நினைவகத்தின் சுவர்களில், கிழக்கில் மாண்டு உடல் கிடைக்காத ஏறத்தாழ 24,000 பேரின் பெயர்களோடு பொறிக்கப்பட்டுள்ளன. இலங்கையிலிருந்து பறந்து போனவர்களைத் தேட அங்கேதான் போகவேண்டும். சிங்கப்பூரில் வாழும் வாசகர்களுக்கு அது தொலைவில்லை. கிராஞ்சி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். அடுத்த ஏப்ரல் 9 அன்று யாராவது போனால் எனக்கு எழுதுங்கள்.