கொட்டாத குளவி

குளவி என்ற சொல்லைக் கேட்டதும் மலைநாட்டு மக்களின் நெஞ்சம் திடுக்கிடும். கொழுந்தெடுக்கச் சென்ற பெண்கள் குளவிக் கொட்டுக்கு ஆளாகி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர் என்ற செய்தியை நாம் அடிக்கடி படிக்கின்றோம். ஆயின், அதே தேயிலைச் செடிகளின் நடுவே, மனிதரைக் கொட்டாது நன்மையே செய்யும் சிறு குளவியொன்றும் வாழ்கின்றது.

1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் கண்டியை அடுத்த லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கோப்பிப் பயிர் நோயால் அழிந்தபின் மலைகளெங்கும் தேயிலையே பரவிற்று. ஒரே பயிர் மலை மலையாய் நிற்பது அதனை உண்ணும் பூச்சிக்குப் பெருவிருந்தன்றோ? அவ்விருந்துக்கு வந்தவற்றுள் ஒன்று இலைசுருட்டிப் புழு. அந்துப்பூச்சியொன்றின் பிள்ளையாகிய இப்புழு, இளந்தளிர்களை நூலால் பிணைத்துக் கூடாக்கி, உள்ளிருந்தே அரித்துத் தின்னும்.

இப்புழுவின் பகையை ஆராய்ச்சியாளர் ஜாவாத் தீவில் கண்டனர். 'மக்ரோசென்ட்ரஸ்' என்னும் அக்குளவி 1935-36ஆம் ஆண்டுகளில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டுத் தோட்டங்களில் விடப்பட்டது.

பெண் குளவி இளம்புழுவைத் தேடிச் சென்று, ஊசி போன்ற உறுப்பினால் அதன் உடலினுள் முட்டையிடும். இனித்தான் விந்தை! ஒரு முட்டையிலிருந்து ஓர் உயிர் பிறப்பதே நாம் அறிந்த வழக்கம். இங்கோ ஒரே முட்டை பலவாகப் பிரிந்து பல கருக்களாகின்றது. ஒரே முட்டையில் தோன்றிய இச்சகோதரங்கள் யாவும் ஒரே பாலினமாகவே இருக்கும். கருவுற்ற முட்டையாயின் பெண்கள், கருவுறாததாயின் ஆண்கள். தன்னுள்ளே பகைவர் வளர்வதை அறியாத புழுவோ தின்று கொழுத்துக்கொண்டே இருக்கும். அது முழு வளர்ச்சியை எட்டும் வேளையில் குளவிக் குஞ்சுகள் அதன் உடலைத் துளைத்து வெளியேறி, அருகருகே கூடு பின்னிக்கொள்ளும். புழு மடியும்; சில நாட்களில் புதிய குளவிகள் சிறகடித்துப் புறப்படும்.

மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிதன்றோ? சில ஆண்டுகளில் இலைசுருட்டியின் கொட்டம் அடங்கிற்று.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டு ஒன்று உண்டு. கண்டியைச் சூழ்ந்த நடுத்தர உயரத் தோட்டங்களில் அதன் தொல்லை அதிகம். அதனை ஒழிக்க 1950களில் டீல்ட்ரின் என்ற நஞ்சைத் தெளித்தனர். வண்டுக்கு வைத்த நஞ்சு குளவியையும் கொன்றது. காவலரை இழந்த தோட்டங்களில் இலைசுருட்டிப் புழு மீண்டும் பெருகிற்று. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது! பின்னாளில் அந்நஞ்சு உலகெங்கும் விலக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை ஒழிக்க வேண்டுமெனக் குறித்தவற்றுள் அதுவும் ஒன்று.

மாணவச் செல்வங்களே! பூச்சியெல்லாம் பகையல்ல. வீட்டுத் தோட்டத்தில் மருந்துக் குழாயை எடுக்குமுன், அச்செடியில் நமக்காக உழைப்பவர் எவரேனும் உளரோ என ஒரு கணம் உற்று நோக்குங்கள். நண்பனையும் பகைவனையும் பிரித்தறியும் கண் நமக்குண்டு. நஞ்சுக்கு அது கிடையாது.