அண்டாவுக்கு எதுக்குங்க நான்ஸ்டிக்?

சேலம் கடைவீதியிலோ நாமக்கல் கடைவீதியிலோ ஒரு பாத்திரக் கடைக்குள் போய், "சூப் வைக்க ஒரு இருபது லிட்டர் பிடிக்கிற மாதிரி பாத்திரம் வேணும்ங்க" என்று கேட்டால், கடைக்காரர் ரெண்டு வகையை எடுத்து வைப்பார். ஒன்று சாதாரண எவர்சில்வர். இன்னொன்று வெளியே எவர்சில்வர், உள்ளே கறுப்பாக ஒரு பூச்சு. "அக்கா, இதை எடுத்துக்குங்க. நான்ஸ்டிக். ஒண்ணுமே ஒட்டாதுங்க" என்பார்.

கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு சந்தேகம்... தண்ணீர் எந்தக் காலத்தில் பாத்திரத்தில் ஒட்டியது?

தோசை ஒட்டும். முட்டை ஒட்டும். மீன் வறுவல் ஒட்டும். இவையெல்லாம் காய்ந்த உலோகத்தை நேராகத் தொடுகிற சமாச்சாரங்கள். எலும்பு சூப்பும் ரசமும் அப்படி இல்லை. முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான். தண்ணீர் இருக்கிற வரை உள்ளே சூடு 100 டிகிரியைத் தாண்டப் போவதில்லை. பெரிய பாத்திரத்தில் அடிப்பிடிப்பது உண்மை. ஆனால் அங்கே தீய்வது அடியில் போய்ப் படிகிற பருப்பு, அரிசி, கறித்துணுக்கு. அதுவும் அடி முழுக்கத் தீயாது, பர்னர் சுடர் படுகிற வளையத்தில் மட்டும் வட்டமாகத் தீயும். எந்த வீட்டு அண்டாவையும் கவிழ்த்துப் பார்த்தால் அந்த வட்டம் தெரியும்.

காரணம் எவர்சில்வரின் குணம். உலோகங்களில் அது சூட்டைக் கடத்துவதில் மகா சோம்பேறி. அலுமினியம் ஏறக்குறைய பதினைந்து மடங்கும், செம்பு இருபத்தைந்து மடங்கும் அதைவிட வேகமாகக் கடத்தும். மெல்லிய எவர்சில்வர் தகட்டில் சுடர் பட்ட இடம் கொதிக்கும், நாலு விரல் தள்ளி சூடு குறைந்து கிடக்கும். இதற்கு மருந்து அடியின் தடிமன்தான். இரண்டு எவர்சில்வர் தகட்டுக்கு நடுவே தடித்த அலுமினியத் தட்டை வைத்து அழுத்திய அடி (கடைகளில் சாண்ட்விச் பாட்டம் என்பார்கள்) சூட்டை அடி முழுக்கப் பரப்பிவிடும். மேலே பூசுகிற பூச்சு அதைச் செய்யாது. அடி பளபளவென்று செம்பு நிறத்தில் மின்னும் பாத்திரங்களும் இருக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை முலாம்தான். காகிதத்தைவிட மெல்லிய செம்பு சூட்டைப் பரப்பி என்ன ஆகப் போகிறது? கண்ணுக்கு அழகு, அவ்வளவே.

இங்கேதான் நம்மூர் வழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. எவர்சில்வரைப் பல கடைகளில் எடை போட்டுத்தான் விற்கிறார்கள். அதனால் ஒரே அளவில் ரெண்டு பாத்திரம் இருந்தால், கை தானாக லேசானதைத் தூக்குகிறது. விலை குறைவாச்சே! சீர்வரிசைக்கு வாங்குகிறவர்கள் கேட்கவே வேண்டாம், எண்ணிக்கை நிறையணும், அளவு பெருசா தெரியணும். லேசாக வாங்கிவிட்டு, அது அடிப்பிடிக்கிறது என்று அடுத்த வருடம் நான்ஸ்டிக் தேடுகிறார்கள். முதலிலேயே இன்னும் ஒரு கிலோவுக்குக் காசு கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கும்.

சேலத்துக்காரர்கள் இப்படி வாங்குவதுதான் வேடிக்கை. கஞ்சமலை அடிவாரத்து இரும்பாலைக்கு 1970-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1981-ல் அங்கே எவர்சில்வர் தகடு உருட்ட ஆரம்பித்தார்கள். சொந்தமாக உருக்கை உருக்கும் கூடம் 2010-ல்தான் வந்தது, அதுவரை வெளியிலிருந்து வந்த உருக்கைத்தான் உருட்டினார்கள். "சேலம் ஸ்டெயின்லெஸ்" என்ற முத்திரைக்கு நாடு முழுக்கப் பேர் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் தகட்டின் தடிமனைக் கேட்டு வாங்குகிறவர் எத்தனை பேர்?

எவர்சில்வர் வருவதற்கு முன்னால் வீடுகளில் பித்தளை அண்டா, பித்தளைத் தவலை. புளி பட்டால் களிம்பு ஏறும் என்பதால் உள்ளே ஈயம் பூச வேண்டும். பூச்சு தேயத் தேய மறுபடி பூச வேண்டும். தெருவில் "ஈயம் பூசறதேய்..." என்ற குரல் கேட்டால் பாட்டிமார் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். எவர்சில்வர் வந்ததும் அந்தத் தொல்லை ஒழிந்தது. பூச்சே தேவையில்லாத உலோகம் என்பதுதான் அதன் பெருமையே. அதிலுள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து தானாக ஒரு மெல்லிய படலத்தைப் போட்டுக்கொள்ளும், கீறினாலும் அதுவே மறுபடி மூடிக்கொள்ளும். இப்படிப்பட்ட உலோகத்தின் மேல் போய் தேய்கிற பூச்சு ஒன்றைத் தடவி, கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். ஈயப் பூச்சாவது தெருவிலேயே மறுபடி பூசிக்கொள்ளலாம். இது போனால் போனதுதான்.

அந்தப் பூச்சு டெஃப்லான். 1938-ல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் தற்செயலாகக் கண்டுபிடித்தது. அதை விஷம் என்று பயமுறுத்துவது நியாயமில்லை, உதிர்ந்த துணுக்கை விழுங்கினாலும் செரிக்காமல் அப்படியே வெளியே போய்விடும். பிரச்சினை சூட்டில்தான். 260 டிகிரிக்கு மேல் பூச்சு கெட ஆரம்பிக்கும், இன்னும் ஏறினால் புகை விடும். அந்தப் புகை மனிதருக்குக் காய்ச்சல் மாதிரி கொண்டுவரும், வீட்டில் கூண்டுக் கிளி இருந்தால் செத்தே போகலாம். சூப் கொதிக்கும்போது இந்தப் பயம் இல்லை. ஆனால் நம் சமையலில் சூப் எப்படி ஆரம்பிக்கிறது? வெறும் பாத்திரத்தைப் பெரிய அடுப்பில் காயவைத்து, எண்ணெய் விட்டு, சின்ன வெங்காயம் வதக்கி... அந்த முதல் ரெண்டு நிமிடம் யாராவது போன் பேசப் போய்விட்டால் போச்சு. அப்புறம் எலும்பு. ஆட்டுக்கால் எலும்பும் இரும்புக் கரண்டியும் இரண்டு மணி நேரம் உள்ளே உருண்டால் எந்தப் பூச்சு தாங்கும்?

பாயசம், கஞ்சி, பால் வைக்கிறவர்கள் ஒட்டாத பாத்திரம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதற்கும் பழைய வழி உண்டு, பால் ஊற்றும் முன் பாத்திரத்தைத் தண்ணீரில் அலசி, அடியில் கொஞ்சம் ஈரத்தோடு வைத்துத் தீயைக் குறைப்பது. சின்ன அளவென்றால் சேலத்து மாக்கல்லில் கடைகிற கல்சட்டி இருக்கவே இருக்கிறது. பழகிய கல்சட்டியில் அவ்வளவாக ஒட்டாது, சூடும் நின்று பரவும். இருபது லிட்டர் கல்சட்டியைத் தூக்க ஆள் கிடைக்காது என்பது வேறு விஷயம் :)

சரி, எதை வாங்குவது? அண்டா மாதிரி வாய் அகன்றது வேண்டாம். நேராக உயர்ந்த பாத்திரமாக இருந்தால் ஆவி குறைவாகப் போகும், அடியும் பர்னருக்கு அடங்கும். 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் என்றால் விளிம்பு வரை 21 லிட்டர் பிடிக்கும். பொங்கி வழியாமல் இருக்க மூன்றில் இரண்டு பங்குதான் ஊற்ற வேண்டும், அதாவது 14 லிட்டர். 150 மில்லி கோப்பையில் தொண்ணூறு பேருக்கு மேல் வரும், சாயங்காலம் தள்ளுவண்டியில் சூப் விற்கிறவருக்கு இது போதும். நிரம்பிய பாத்திரம் பதினெட்டு, இருபது கிலோ இருக்கும். அதனால் கைப்பிடி ரிவிட் அடித்ததா என்று பார்க்க வேண்டும். புள்ளி வெல்டிங் ஒருநாள் கொதிக்கிற சூப்போடு கையில் வந்துவிட்டால் யார் பதில் சொல்வது?

காந்தம் வைத்துப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். 304 என்ற நல்ல ரகத்தில் 18 சதம் குரோமியம், 8 சதம் நிக்கல். 202 என்பது நிக்கலைக் குறைத்து மாங்கனீசால் ஈடுகட்டியது. விலை குறைவு, உப்புக்கும் புளிக்கும் தாங்கும் சக்தியும் குறைவு. காந்தம் இரண்டிலுமே அநேகமாக ஒட்டாது, அப்புறம் எப்படிப் பிரிப்பது? பில்லில் ரகத்தை எழுதித் தரச் சொல்வதுதான் வழி. 2024-ல் மத்திய அரசு எவர்சில்வர் பாத்திரங்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கி ஆணை போட்டது. தரநிலை எண் 14756, அடியில் அது இருக்கிறதா என்று பார்க்கலாம்.

இந்தப் பாத்திரத்துக்கு ஏற்ற சரக்கு நாமக்கல்லிலேயே கிடைக்கிறது. ஒன்றரை வருடம் முட்டையிட்டு ஓய்ந்த கோழி. கறி கட்டை மாதிரி இருக்கும், வறுவலுக்கு ஆகாது, பிராய்லர் மாதிரி இருபது நிமிடத்தில் வேகாது. ஆனால் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, கொதி வந்ததும் தீயைக் குறைத்து, குமிழி ஒன்றிரண்டு மட்டும் வருகிற மாதிரி இரண்டு மூன்று மணி நேரம் விட்டால், அந்தக் கட்டையில் இருக்கிற தசைநார் எல்லாம் கரைந்து சூப்பில் இறங்கும். தளதளவென்று கொதிக்கவிட்டால் சூப் கலங்கிவிடும். சைவக்காரர்களுக்குக் கொல்லிமலையின் முடவாட்டுக்கால் கிழங்கு. மேல் ரோமத்தைச் சீவி, மிளகு சீரகம் பூண்டோடு தட்டிப் போட்டால் போதும். உப்பை மட்டும் தண்ணீர் கொதித்த பிறகு போடுவது நல்லது. குளிர்ந்த தண்ணீரில் கரையாமல் அடியில் கிடக்கும் உப்பு எவர்சில்வரில் புள்ளி புள்ளியாகக் குழி விழ வைக்கும்.

போர் தண்ணீரில் சமைக்கிற வீடுகளில் உள்ளே வெள்ளையாகப் படியும். பழம்புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்த்தால் போய்விடும். அடிப்பிடித்தால் சோடா உப்பு போட்ட தண்ணீரைக் கொதிக்கவிட்டு ஊற வைக்கலாம்.

கடைசியாக ஒன்று, பலர் கவனிக்காதது. பதினாலு லிட்டர் சூப்பை மூடி அப்படியே அடுப்பில் விட்டுத் தூங்கினால், சேலத்துச் சித்திரை வெயிலில் அது விடிய விடிய வெதுவெதுப்பாகவே இருக்கும். கொதியிலும் சாகாத கிருமி வித்துகள் உண்டு, இந்த வெதுவெதுப்பில்தான் அவை முளைத்துப் பெருகும். காலையில் மறுபடி கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று நம்ப முடியாது. மிச்சத்தைச் சின்னச் சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, அகலத் தொட்டியில் தண்ணீர் வைத்து அதில் இறக்கி, ஆறியதும் பிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். பெரிய பாத்திரத்தோடு சேர்த்து நாலு சின்னப் பாத்திரமும் வாங்க வேண்டியிருக்கும்.