சான்றிதழோடு முடிந்துவிடுகிறதா சிகிச்சை?

காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் வட்டாரத்தில் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் ஆர்.பி.எஸ்.கே. என்னும் சிறார் உடல்நலத் திட்டத்தின் மருத்துவக் குழு வருகிறது. 2013-ல் தொடங்கிய திட்டம் இது. பேச்சு வராத பிள்ளை, வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லாத பிள்ளை, படிப்பு ஏறாத பிள்ளை எல்லோரையும் இந்தக் குழு பார்த்துக் குறித்துக்கொள்கிறது. மேல் பரிசோதனைக்கு ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புகிறது. ஆனால், மாவட்டத்துக்கு ஒரு மையம் என்பதுதான் திட்டத்தின் கணக்கு. உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரமும் செங்கல்பட்டும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். சாலவாக்கம் பக்கத்தில் கூலி வேலைக்குப் போகும் ஒரு தாய்க்கு, போய்வந்தால் அன்றைய சம்பளம் போச்சு.

2019 நவம்பரில் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியும், முட்டுக்காட்டில் பன்முக மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் தேசிய நிறுவனமும் புதிய மாவட்டத்தின் பக்கம் போய்விட்டன.

இவ்வளவு தூரம் போய்ச் செய்துகொள்ளும் அறிவுத்திறன் பரிசோதனைகளில் செகுவின் பலகை என்று ஒன்று உண்டு. வட்டம், நட்சத்திரம், சிலுவை எனப் பத்து மர வடிவங்களைக் குழந்தை அந்தந்தக் குழியில் பொருத்த வேண்டும். மூன்று வாய்ப்புகளில் குறைந்த நேரமே கணக்கு. அந்த விநாடிகள் மனவயதாக மாறுகின்றன. மனவயது ஓர் எண்ணாக மாறுகிறது. விடியற்காலையில் எழுந்து, பேருந்தில் வாந்தி எடுத்து, வரிசையில் காத்திருந்து, பசியோடு முன்பின் தெரியாதவர் எதிரில் உட்காரும் ஆறு வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அதன் கை தடுமாறும் ஒவ்வொரு விநாடியும் அறிவின் குறையாகவே பதிவாகும். தூரம் முடிவையே திரித்துவிடும். நல்ல உளவியலாளர் இதைப் புரிந்துகொண்டு இன்னொரு நாள் வரச் சொல்வார். அதற்கும் ஒரு நாள் கூலி போகும்.

வட்டார வள மையங்களில் நடக்கும் மதிப்பீட்டு முகாம்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. 40 சதவீதக் குறைபாடு என்று சான்று கிடைத்தால்தான் உதவித்தொகைக்கு வழி பிறக்கிறது. ஏழைக் குடும்பத்துக்கு அது பெரிய ஆதரவு. ஆனால், சான்றிதழ் கைக்கு வந்ததும் வேலை முடிந்ததாக நாம் நினைப்பதுதான் தவறு. பேச்சுப் பயிற்சியும் நடத்தைப் பயிற்சியும் வாசிப்புப் பயிற்சியும் வாரந்தோறும், மாதக்கணக்கில் தொடர வேண்டியவை.

ஒரு சிறுவன் கடையில் சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுக்கிறான், புத்தகத்தைத் திறந்தால் எழுத்துக்கூட்டத் திணறுகிறான். வகுப்பில் அவனுக்கு ‘மக்கு’ என்று பெயர். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவனுடைய கற்றல் குறைபாட்டை 21 வகைகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டுவிட்டது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரும் அவனுக்கு உண்டு. அதற்கெல்லாம் முதலில் அவன் பரிசோதிக்கப்பட வேண்டும். அது நடக்காமலே பத்தாம் வகுப்பில் தோற்று, பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளைக்கு அந்தச் சலுகைகளால் என்ன பயன்?

வளரிளம் பருவத்தினரின் நிலை இன்னும் சிக்கல். பெண் நான்கு நாள் சாப்பிடாமல் சுருண்டு படுத்தால் ‘காத்து கருப்பு’ என்று மந்திரிக்க அழைத்துப் போகிறார்கள். 2022 அக்டோபரில் வந்த டெலி மானஸ் என்னும் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை நல்ல ஏற்பாடு. 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். ஆனால், வீட்டில் இருப்பது அப்பாவின் கைபேசி. இருப்பதும் ஒரே அறை. அவள் யார் காதிலும் விழாமல் எங்கே நின்று பேசுவாள்?

உத்திரமேரூர் அரசு மருத்துவமனையில் வாரத்தில் இரண்டு நாளாவது மருத்துவ உளவியலாளர் ஒருவர் குழந்தைகளுக்கென்றே உட்கார வேண்டும். அதில் ஒரு நாள் பள்ளி விட்ட பிறகான மாலை நேரமாக இருக்கட்டும். அவர் வகுத்துத் தரும் பயிற்சியை வட்டார வள மையச் சிறப்பாசிரியர்கள் பள்ளியிலேயே தொடரட்டும். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். ஓர் அறையும் ஒரு பணியிடமும் போதும். அந்தப் பணியிடத்தை அரசு உடனே உருவாக்க வேண்டும்.