தலையணைக்கு அடியில் புட்டி எதற்கு?

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் நம்மவர் தலையணையைச் சற்றே தூக்கிப் பார்த்தால் ஒரு தைலப் புட்டி இருக்கும். பக்கத்துப் பையைத் திறந்தால் காகிதத்தில் மடித்த சூரணமோ, வீட்டில் காய்ச்சிய கஷாயமோ அகப்படும். தாதி வருகிறார் என்றால் புட்டி மறைந்துவிடும். அவர் போனதும் வெளியே வரும். இந்தக் கண்ணாமூச்சி நம் பாட்டன் காலந்தொட்டு நடக்கிறது. இதனால் நஷ்டம் யாருக்கு? டாக்டருக்கா? தாதிக்கா?

நம் மக்கள் நாட்டு வைத்தியத்தை விடப் போவதில்லை. விட்டுவிட வேண்டும் என்று நாமும் சொல்லவில்லை. ஆனால் டாக்டர் மருந்தைத் தூக்கி எறிந்துவிட்டு இதைப் பிடித்துக்கொள்வது வேறு. டாக்டர் மருந்தோடு இதையும், அவரும் தாதியும் அறியச் சேர்த்துக்கொள்வது வேறு. முன்னதை மாற்று வைத்தியம் என்றும் பின்னதைத் துணை வைத்தியம் என்றும் சொல்கிறார்கள். இரண்டையும் ஒரே சீட்டில் எழுதி, ஒன்றை ஒன்று இடறாமல் நடத்தினால் அது இணைந்த வைத்தியம். நம் லயங்களில் நடப்பது இம்மூன்றில் எதுவுமல்ல. அது திருட்டு வைத்தியம்!

நாம் அறிந்த முதியவர் ஒருவர், முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். சர்க்கரை வியாதியால் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிட்டது. கால் எரிச்சலுக்கு வீட்டில் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தார்கள். சூடு மிஞ்சியது அவருக்குத் தெரியவில்லை. கொப்புளம் புண்ணாயிற்று. ஆஸ்பத்திரியில் கேட்டபோது, "கல்லில் இடித்துக்கொண்டேன்" என்று சொல்லிவிட்டார். ஏன் பொய் சொன்னார்? முன்னொரு சமயம் புண்ணில் எண்ணெய் பூசிக்கொண்டு போய், வார்டில் பத்துப் பேர் முன்னிலையில் வாங்கிய ஏச்சு மனத்தில் இருந்தது. புண்ணுக்கு மருந்து கட்டி அனுப்பினார்கள். வீட்டில் ஒத்தடம் தொடர்ந்தது. நிறுத்தும்படி சொல்ல, விஷயம் தெரிந்தவர் ஒருவருமில்லை. கடைசியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

இது அந்த ஒருவர் கதை மட்டுமல்ல. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டில் வயது வந்தோரில் 100க்கு 18.3 பேருக்குச் சர்க்கரை வியாதி. இந்தியரில் மட்டும் எடுத்தால் 31.4 பேர். இத்தனை பேரில் எத்தனை வீட்டில் மாத்திரையோடு பாகற்காய்ச் சாறும் வெந்தயப் பொடியும் ஓடுகின்றன! இவையும் சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கக் கூடியவைதான். மாத்திரையும் இறக்க, சாறும் இறக்க, காலையில் பசியோடு வேலைக்குப் போனவர் வியர்த்து மயங்கி விழுந்தால், அதன் காரணத்தைத் தாதி எந்தச் சீட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்?

பச்சிலை, பட்டை என்றால் இளக்காரமாய்ப் பேசும் படித்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிரட்டுக் களத்தில் வரிசையாய் நிறுத்தி நம் முன்னோர் வாயில் ஊற்றினார்களே கொய்னா, அது ஒரு மரத்தின் பட்டையிலிருந்து வந்தது. இன்றைய மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினின், பழைய சீன வைத்திய நூலைப் புரட்டிய தூ யூயூ என்ற அம்மையார் ஒரு செடியிலிருந்து பிரித்தெடுத்தது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்காக எல்லாப் பச்சிலையும் மருந்தாகிவிடாது. 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன் இங்கே காய்ச்சலைக் குறைத்தது சதுப்பு நிலத்தின் நீரை வடித்துத்தான். எது பலன் தருகிறது என்று சோதித்துப் பார்ப்பதே வைத்தியம். அது எந்த நாட்டுச் சரக்கு என்பது இரண்டாம் பேச்சு.

தாதியர் வேலை ஊசி போடுவதும் மாத்திரை கொடுப்பதும் மட்டுந்தானா? பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859இல் எழுதிய நூலில் சுத்தக் காற்று, வெளிச்சம், அமைதி, ஏற்ற ஆகாரம் ஆகியவற்றையே தாதியின் கடமையாக வைத்தார். முதுகைத் தடவிக் கொடுப்பதும், காலைப் பிடித்துவிடுவதும், பயந்தவரை மூச்சை நிதானமாய் இழுத்து விடச் சொல்வதும் பழைய தாதியர் அறிந்த கலைதான். இவை நோயைத் தீர்க்கும் என்று நாம் சொல்லவில்லை. வலியும் பயமும் தணிந்தால் மனிதன் தூங்குவான். பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்ற சகோதரர்கள் நடத்தும் உடம்புபிடி நிலையங்களுக்குப் போய்வந்தவர்களைக் கேளுங்கள். ஆனால் ஒரு வார்டு முழுவதையும் ஓரிருவர் தலையில் கட்டிவிட்டு, ஏன் தடவிக் கொடுக்கவில்லை என்று அவர்களைக் கேட்பது நியாயமா? தாதியும் தொழிலாளியே. அவர் சிடுசிடுப்பில் பாதி, வேலைப் பளுவின் சிடுசிடுப்பு.

அரசாங்கமும் சும்மா இருந்துவிடவில்லை. 2007இல் பினாங்கு கெப்பாலா பத்தாஸ் ஆஸ்பத்திரியில் மரபு வைத்தியப் பிரிவு தொடங்கியது. பின்னர் வேறு சில ஆஸ்பத்திரிகளுக்கும் பரவியது. நெற்றியில் இளஞ்சூட்டுத் தைலத்தைத் தாரையாய் ஒழுகவிடும் சிரோதாரா சிகிச்சை போர்ட்டிக்சனிலும் செராஸ் மறுவாழ்வு ஆஸ்பத்திரியிலும் வந்தது. மரபு, துணை வைத்தியச் சட்டம் 2016 ஆகஸ்ட் 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. அது ஏற்றுக்கொண்ட ஏழு பிரிவுகளில் சித்தமும் ஆயுர்வேதமும் அடங்கிய இந்திய மரபு வைத்தியமும் ஒன்று. ஆகவே நாட்டு வைத்தியம் என்றால் சட்டத்துக்கு ஒளிய வேண்டிய காரியம் என்ற எண்ணம் இனி வேண்டாம்.

ஆனால் புட்டியில் இருப்பது என்னவென்று தெரிய வேண்டாமா? 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதச் சரக்குகளைச் சோதித்ததில் 14இல் ஈயம், பாதரசம், பாஷாணம் போன்றவை இருந்தன. இங்கேயும் மூட்டுவலிக்கு என்று விற்கும் சில உருண்டைகளிலும் பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. தின்ற இரண்டாம் நாளே வலி பறந்துவிடும், அதுதான் தூண்டில். சில மாதத்தில் முகம் உப்பும், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும். திடீரென்று நிறுத்தினாலோ உயிருக்கே ஆபத்து. அதனால்தான், சாப்பிட்டதைச் சொல்லாமல் ஆஸ்பத்திரியில் படுப்பது அத்தனை பொல்லாதது. நீரிழிவு, புற்றுநோய் முதலியவற்றைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. அப்படி விளம்பரம் கண்டால் கையைப் பையில் விடாதீர்கள்.

நமது கோரிக்கை பெரிதல்ல. நோயாளியைச் சேர்க்கும் சீட்டில், வீட்டு மருந்து, தைலம், ஒத்தடம், பத்தியம் என்று ஒரு வரி அச்சாகட்டும். தாதி அதைக் கேட்டு எழுதட்டும். "ஊபாட் கம்போங் ஏதும் உண்டா?" என்று அதட்டினால் எவரும் இல்லையென்றே சொல்வார்கள். "ஐயா, வீட்டில் என்ன பக்குவம் செய்கிறீர்கள்? எனக்கும் சொல்லுங்கள்" என்றால் பாட்டி பிரசவக் காயத்தின் அளவு உள்படச் சொல்லுவாள். தமிழ் தெரிந்த ஒருவரை அந்த நேரத்துக்கு அழைத்துக்கொள்ளலாம். தாதியர் பயிற்சியில் நம் பத்தியமும் பக்குவமும் ஒரு பாடமாக இருக்கட்டும். எது தீங்கில்லாதது, எது மாத்திரையோடு மோதும் என்று அவர்களுக்குத் தெரிந்தால்தானே நமக்குச் சொல்வார்கள்? சங்கத்துக் கிளைகள் இதைத் தீர்மானமாக்கி அமைச்சுக்கு அனுப்பட்டும்.

நம் கிராணிமார்களுக்கு ஒரு வேலை. பதிவு பெற்ற மரபு மருந்தின் மேல் மால் என்று தொடங்கும் எண் இருக்கும். அது டி என்ற எழுத்தில் முடியும். பெட்டாலிங் ஜெயாவிலுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் பதிவில் அந்த எண்ணைத் தேடிப் பார்க்கலாம். சம்பள நாளில் வருகிறவர்களிடம் புட்டியையும் கொண்டுவரச் சொல்லிப் பார்த்துக் கொடுங்கள். எண் இல்லாத புட்டியானால் குப்பையில் போடாமல், லேபல் கிழியாமல், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தாதியின் கையிலேயே கொடுக்கச் சொல்லுங்கள்.