முனைவர் பட்டம்: கட்டணத்தை விசாரிக்கிறோம், மேற்பார்வையாளரை விசாரிக்கிறோமா?

பத்தாவது மலேசியத் திட்டக் காலத்தில் உயர்கல்வி அமைச்சு மைபிரெய்ன்15 திட்டத்தைக் கொண்டுவந்தபோது, 2023ஆம் ஆண்டுக்குள் 60,000 முனைவர்கள் என்பது இலக்கு. அன்று முதல் மேற்கல்வி என்றாலே பேச்சு பணத்தைச் சுற்றியே போகிறது. கட்டணம் எவ்வளவு, உபகாரச் சம்பளம் உண்டா, இபிஎஃப் பணத்தை எடுக்க முடியுமா? யாரிடம் ஆய்வு செய்யப் போகிறோம் என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. பலருக்கு அது வருவதே இல்லை.

பேராக் மாணவர்கள் பலர் தூரத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். கம்பாரில் யூடார், ஸ்ரீ இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் பல்கலைக்கழகம், தஞ்சோங் மாலிமில் உப்சி. வேலைக்குப் போய்க்கொண்டே பகுதிநேரமாகப் படிக்கும் ஆசிரியருக்கு இந்தக் கணக்கு நியாயமானதே. ஆனால் பல்கலைக்கழகம் பக்கத்தில் இருப்பதால் துறை வல்லுநரும் பக்கத்தில் இருப்பார் என்று சொல்ல முடியாது.

அமெரிக்காவில் ஆய்வுக் குழு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பதில் மாணவருக்கும் பங்குண்டு. இங்கே நடைமுறை வேறு. முதன்மை மேற்பார்வையாளர் ஒருவர், தேவைப்பட்டால் இணை மேற்பார்வையாளர். ஆய்வேட்டை மதிப்பிடும் உள், வெளித் தேர்வாளர்களைப் பல்கலைக்கழகமே நியமிக்கிறது. ஆக, மாணவர் கையில் உண்மையாக இருக்கும் தேர்வு ஒன்றுதான். அதையும் துறை ஒதுக்கித் தரட்டும் என்று விட்டுவிட்டால் மிச்சம் எதுவுமில்லை.

தோட்டப்புற வரலாற்றை ஆய்வு செய்ய விரும்புவோருக்கு இது இன்னும் சிக்கலானது. சுங்கை சிப்புட்டையே எடுத்துக்கொள்வோம். 1948 ஜூன் 16ஆம் தேதி அங்குள்ள எல்ஃபில், பின் சூன் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து அவசரகாலம் வந்தது. அந்த வட்டாரத் தோட்டத் தமிழர்களின் வாழ்க்கையை ஆய்வு செய்ய நினைப்பவரிடம், வரலாற்றுத் துறையினர் தேசிய ஆவணக் காப்பகத்தையும் லண்டன் கியூ காப்பகத்தின் காலனித்துவக் கோப்புகளையும் கேட்பார்கள். மானுடவியலாளர் லயத்தில் வாழ்ந்த பெரியவர்களிடம் போய் உட்காரச் சொல்வார். இந்திய ஆய்வியல் துறையில் நாட்டார் பாடலும் தமிழ்ப் பத்திரிகையும் முன்னுக்கு வரும். தலைப்பு ஒன்றுதான், ஆனால் மேற்பார்வையாளர் மாறினால் ஆய்வேடே மாறிவிடும். தமிழ் தெரியாத வரலாற்றுப் பேராசிரியர் முதன்மை மேற்பார்வையாளராக இருந்தால், வாய்மொழித் தரவைச் சரிபார்க்கத் தமிழறிந்த இணை மேற்பார்வையாளரைத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்குவது நல்லது. ஆய்வு முன்மொழிவை வாதாடி முடித்த பிறகு கேட்டால் பாதி வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

இத்துறையில் முன்னோடிகள் இல்லாமல் இல்லை. 1969இல் வெளிவந்த கெர்னியல் சிங் சந்துவின் நூலும், அடுத்த ஆண்டு வந்த ரவீந்திர ஜெயினின் தோட்ட ஆய்வும், சின்னப்பா அரசரத்தினத்தின் நூலும் இன்றும் தவிர்க்க முடியாதவை. சித்தியவானில் பிறந்த பி. இராமசாமி தோட்டத் தொழிலாளர்களையும் சங்கங்களையும் பற்றி 1994இல் நூல் எழுதினார். அண்மையில் இத்தகைய ஆய்வேடுகளை மேற்பார்த்தவர்கள் யார் என்பதைப் பல்கலைக்கழக நூலகங்களின் இணையக் களஞ்சியங்களில் தேடலாம். பெயர் ஆய்வேட்டின் முன்பக்கங்களில் இருக்கும். ஒரு மாலைப் பொழுது வேலைதான்.

அடுத்துக் கேட்க வேண்டியவை கொஞ்சம் சங்கடமானவை. அவரிடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள்? எத்தனை ஆண்டுகளில்? இப்போது எத்தனை பேர் அவரிடம் இருக்கிறார்கள்? பணி ஓய்வுக்கோ ஒப்பந்தம் முடியவோ எவ்வளவு காலம் இருக்கிறது? எழுதிக் கொடுத்த அத்தியாயம் எத்தனை வாரத்தில் திரும்பி வரும்? கட்டுரையில் யார் பெயர் முதலில் வரும்? பேராசிரியரிடம் நேரே கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் பிள்ளைகள் தயங்குகிறார்கள். குருவைச் சோதிப்பதா என்ற எண்ணம் வீட்டிலேயே ஊறியது. அவரிடம் முன்பு படித்தவர்களைக் கேட்கலாமே. ஒரு தேநீர் நேரத்தில் உண்மை வந்துவிடும்.

சேர்ந்த பிறகு ஒத்துப்போகவில்லை என்றால் மேற்பார்வையாளரை மாற்றப் பல்கலைக்கழகங்களில் வழி உண்டு. பட்ட மேற்படிப்பு அலுவலகத்தில் அதற்கு விண்ணப்பிக்கலாம். முகத்தாட்சண்யத்தால் அதைத் தள்ளிப்போட்டு, ஒவ்வொரு தவணையும் கட்டணம் கட்டிக்கொண்டே இருப்பவர்களுக்குத்தான் இழப்பு. பகுதிநேர மாணவருக்கு அது சொந்தச் சம்பளம். தோட்டத்தை ஆய்வு செய்பவருக்கு இன்னொரு இழப்பும் உண்டு. 1948இல் பத்து வயதாக இருந்தவருக்கு இப்போது தொண்ணூறை நெருங்கும் வயது. மேற்பார்வையாளருக்காகக் காத்திருக்கும் காலம் வரை அவர் காத்திருக்க மாட்டார்.