பட்டனை எண்றவங்களுக்கு ஒரு பதில்

'ட்யூன்ஸ் ஆஃப் குளோரி' (1960) படத்தை போன ஞாயித்துக்கிழமை நாலாவது தடவையா பார்த்தேன். கூட ஒரு நண்பர். ராணுவ வரலாற்றுப் புத்தகமா வாங்கி அடுக்கி வைச்சிருக்கிற ஆசாமி. கையில ரிமோட்டோட உட்கார்ந்துக்கிட்டு நிறுத்தி நிறுத்தி குத்தம் கண்டுபிடிச்சார். "கோட்டை வெளியில இருந்து பார்த்தா ஸ்டிர்லிங், உள்ள எல்லாம் ஷெப்பர்டன் ஸ்டூடியோ செட்டு. அலெக் கின்னஸ் லண்டன்காரர். ஜான் மில்ஸும் இங்கிலீஷ்காரர். இதைப் போய் ஸ்காட்லாந்து ராணுவத்தோட அசல் படம்னு சொல்றியே?"

அன்னிக்கு வாயை மூடிக்கிட்டு காபி போடப் போயிட்டேன். இப்ப சொல்றேன்.

அவர் சொன்ன ஒவ்வொரு தகவலும் சரி. ஆனா அசல்ங்கறது அங்கயா இருக்கு?

ஜாக் சின்க்ளேர் கிளாஸ்கோ தெருவுல இருந்து வந்து, பைப்பரா சேர்ந்து, எல் அலமெய்ன்ல சண்டை போட்டு மேல வந்த ஆளு. ரெஜிமெண்டை நடத்திக்கிட்டு இருக்கறது அவர்தான். ஆனா நிரந்தரப் பதவி பேசில் பாரோவுக்குப் போகுது. படிச்ச மனுஷன், நல்ல குடும்பம், ஜப்பான்காரன் கைதியா சித்திரவதைப்பட்டவர். சண்டைக் காட்சி ஒண்ணுகூடக் கிடையாது. ரெண்டு மணி நேரமும் மெஸ், விஸ்கி, பனி, பொறாமை. அவ்வளவுதான்.

அந்த நடனத்தைப் பாருங்க. கையைத் தலைக்கு மேல தூக்கக் கூடாது, கூச்சல் போடக் கூடாது, காலையிலயே எழுந்து வந்து ஆபீசர்கள் முறையா ஆடிப் பழகணும்னு பாரோ உத்தரவு போடறார். அப்புறம் ஊர்ப் பெரிய மனுஷங்க வந்திருக்கிற பார்ட்டியில, ஜாக் கையைத் தூக்கிக்கிட்டு கூவி ஆட, மத்தவங்களும் சேர்ந்துக்கறாங்க. பாரோ எல்லார் முன்னாடியும் நிதானம் இழந்து கத்தறார். ஒரு கர்னலோட அதிகாரம் போறதுக்கு குண்டு வேண்டாம், ஒரு ஆட்டம் போதும். இதை வெளியில இருந்து வேடிக்கை பார்த்தவன் எழுதவே முடியாது சார்.

எழுதினவர் ஜேம்ஸ் கென்னவே. கார்டன் ஹைலேண்டர்ஸ்ல இருந்தவர். நாவல் 1956ல வந்தது, திரைக்கதையும் அவரே. மெஸ்ல யார் பக்கத்துல யார் நிக்கறாங்க, யார் பேசினா யார் கிளாஸைப் பார்க்கறாங்கங்கறதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கின்னஸைச் சுத்தி நிக்கற கோர்டன் ஜாக்சனும் டங்கன் மக்ரேயும் கிளாஸ்கோவுலயே பிறந்தவங்க. நண்பர் அதைச் சொல்லவே இல்ல பாருங்க!

இன்னொண்ணு. இதே நண்பருக்கு 'பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' (1957) உயிர். அதுலயும் கின்னஸ்தான், அங்க அவர் ஜப்பான்காரன் கைதி. அந்த சயாம் ரயில் பாதையில மலாயாத் தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்குல செத்தாங்க. படத்துப் பாலத்துல அவங்களைத் தேடிப் பாருங்க. யூனிஃபார்மை எல்லாம் சரி பார்க்கிற மனுஷன் அதை ஒரு தடவைகூட கேட்டதில்ல.

கடைசிக் காட்சிக்கு வர்றேன் (படம் பார்க்காதவங்க இத்தோட நிறுத்திக்கலாம்). பாரோ தன்னைத்தானே சுட்டுக்கிட்ட பிறகு, ஜாக் ஆபீசர்களைக் கூட்டி வைச்சு, ஒரு ஃபீல்டு மார்ஷலுக்கு நடத்தற மாதிரி பிரம்மாண்டமான சவ ஊர்வலத்துக்குத் திட்டம் சொல்றார். எந்தெந்த ட்யூன், எந்த இடத்துல பைப் நிக்கணும், எல்லாம். மத்தவங்க நெளியறாங்க. இது கொலை, கொன்னது நாமதான்னு அவருக்கு மட்டும் தெரியுது. பேசிக்கிட்டே போனவர் உடைஞ்சு அழறார். அந்த இடத்துல கின்னஸ் எந்த ஊர்க்காரர்னு எனக்கு ஞாபகமே வரல.

அவரை வண்டியில ஏத்தி வீட்டுக்கு அனுப்பறாங்க, வழியில நிக்கறவங்க சல்யூட் அடிக்கறாங்க. எனக்கு தொண்டை அடைச்சுக்கிச்சு. நண்பர் ரிமோட்டை அழுத்தி நிறுத்தினார். அது எந்த வருஷத்து வண்டின்னு பார்க்கணுமாம்.